முழங்கையில் இரண்டு விரல்

அவர் யாரையும் பிடித்துத் தள்ளியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபத்தில் அபாண்டம் பேசுகிறாள் என்பார்கள். கோபம் இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. அபாண்டம் மட்டும் இல்லை. அவர் செய்வது இவ்வளவுதான்: உங்கள் முழங்கையில் சுட்டுவிரலையும் நடுவிரலையும் பட்டும் படாமலும் வைப்பார். வைத்துக்கொண்டே, "அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, வடிவாயிருக்கும்" என்பார். அடுத்த கணம் நீங்கள் வேறு இடத்தில் நிற்பீர்கள். நீங்கள் நின்ற இடத்தில் வேறு யாரோ நிற்பார்கள். எப்படி நகர்ந்தோம் என்று உங்களுக்கே தெரியாது.

பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னால் அதையும் வெட்டி எடுத்துத் தன் முகநூலில் போட்டுக்கொள்வார். நாங்கள் அவரை "சேர்" என்போம், இங்கேயும் அது போதும்.

இத்தாலியில், பலெர்மோவிலிருந்து பகேரியா போகும் வழியில் ஒரு பெரிய லவாந்தெரியா. ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளும் துவாய்களும் லொறி லொறியாக வந்து இறங்கும், நாங்கள் வெளுத்துத் தேய்த்து மடித்து அனுப்புவோம். வேலைக்கு மன்னார்ப் பெண்கள்தான் அதிகம். ஹோட்டல்களுக்குத் துப்புரவும் சலவையும் செய்து கொடுக்கும் ஒரு கொம்பனிக்கு அது சொந்தம். அந்தக் கொம்பனியில் வெளித்தொடர்புகளுக்கெல்லாம் அவர்தான் பெரியவர். நகரசபை, அரசாங்க அலுவலகங்கள், பத்திரிகைக்காரர், ஹோட்டல் முதலாளிமார் என்று எல்லோரிடமும் கொம்பனிக்காகக் கதைப்பது அவர் உத்தியோகம். குடியேறி வந்தவர்களின் உரிமைச் சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான். காலையில் கொம்பனிக்காகக் கதைப்பார், பின்னேரம் எங்களுக்காகக் கதைப்பார். கழுத்துப்பட்டியைக் கூட மாற்றுவதில்லை.

இரண்டு கதிரையும் அவருக்கு ஒரே நாளில்தான் கிடைத்தன. ஒருமுறை எங்கள் வேலை நேரத்தையும் அதோடு கூலியையும் குறைத்தார்கள் என்று வாசலில் உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தோம். அப்போது அவர் இளம் ஆள், யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் பிறந்து இங்கே படித்தவர், இத்தாலியன் தண்ணீர் மாதிரி வரும். கையில் ஒலிபெருக்கியோடு எங்களுக்கு முன்னால் நின்று, தொண்டை கிழியக் கத்தினார். காலையில் எங்கள் சார்பில் பேச உள்ளே போனார். பின்னேரம் வெளியே வந்து, "வெண்டிட்டம்" என்றார். குறைத்த நேரத்தில் பாதி திரும்பக் கிடைத்தது. அவருக்கு அந்தக் கொம்பனியில் ஒரு மேசையும் கிடைத்தது. நாங்கள் கை தட்டி, அன்றைக்கே அவரைச் சங்கத்துக்குத் தலைவராகவும் ஆக்கினோம், எங்கள் ஆள் ஒருவர் உள்ளே இருக்கிறார் என்று அந்த வருடம் பங்குக் கோயிலில் பூசையும் கொடுத்தோம்.

அவர் எடுப்பிக்கும் படத்தில் நீங்கள் நிற்கும் இடத்தைப் பார்த்தே உங்கள் மதிப்பைத் தெரிந்துகொள்ளலாம். அவருக்குப் பக்கத்தில் இத்தாலிய விருந்தாளி. முன்னால் கொடி பிடித்த சின்னப் பிள்ளைகள், ஒரு கன்னியாஸ்திரி, பட்டுச்சேலை கட்டிய பெண்கள். வேலை உடுப்போடு வந்த ஆண்கள் பின்னால். கேள்வி கேட்கிறவர்கள் ஓரத்தில். நான் முதலில் நடுவில்தான் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற மாதிரி எங்களுக்கு மாறி மாறி லீவு தரக் கூடாதா என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். அடுத்த படத்தில் ஓரத்துக்கு வந்தேன். அதற்கடுத்ததில் என் சேலைத் தலைப்பு மட்டும் இருந்தது.

சியாகுல்லி மந்தாரின் தோடம்பழத் தோட்டத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். எங்கள் பெடியன்கள் அங்கே பழம் பிடுங்கப் போவார்கள். குடிக்கத் தண்ணீர்க் குழாய் இல்லை, ஒதுங்க இடமில்லை. உரிமைச் சங்கத்திடம் சொன்னார்கள். சேர் ஒரு பத்திரிகைக்காரியோடு வந்து இறங்கினார், வெள்ளைச் சப்பாத்து. அறுவடை முடிகிற நேரம், கீழ்க்கொப்பில்தான் நாலு பழம் மிச்சம். "ஏணியைக் கொண்டு வாங்கோ" என்றார்.

"சேர், மேலை ஒரு பழமும் இல்லை" என்றான் ஒருவன்.

"பழம் இல்லாட்டில் என்ன? ஏறுங்கோ. முகத்திலை வெயில் படுற பக்கமா ஏறுங்கோ."

அவன் ஏறி இலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். படம் பத்திரிகையில் நல்ல வடிவாக வந்தது. குழாய் வரவில்லை.

ஆனால் அவருக்கு ஒன்றும் தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எல்லாம் தெரியும், அதுதான் எனக்கு எரிச்சல். எங்களோடு வேலை செய்கிற லூர்தம்மாவின் புருஷன் நெஞ்சுவலியில் இங்கே செத்தபோது, உடலை மன்னாருக்கு அனுப்ப யாரைப் பிடிப்பது, எந்தக் கடிதம் எந்தக் கந்தோரில் எடுப்பது என்று தெரியாமல் நாங்கள் முழித்துக்கொண்டு நின்றோம். அவர் ஒரே நாளில் எல்லாவற்றையும் ஓடி முடித்தார். அவர் இல்லாவிட்டால் அந்த மனிதன் தன் ஊர் மண்ணுக்குப் போயிருக்க மாட்டான். அதற்கு நன்றி உண்டு. விமான நிலையத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் லூர்தம்மா விழுந்து விழுந்து அழுதாள். அவர் போய் அவள் முழங்கையில் இரண்டு விரலை வைத்து, மெதுவாக, வெளிச்சம் விழுகிற பக்கம் நகர்த்தினார். நான் கண்ணால் கண்டேன். அன்றைக்கே எனக்கு அவரை வெறுத்துப் போய்விட்டது.

ஆனாலும் எங்களுக்கு ஒரு பழக்கம் விட்டுப் போகவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தாலும், விசா கொடுக்கிற பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவில் திருப்பி அனுப்பினாலும், புருஷன் பெண்சாதி சண்டை என்றாலும், முதலில் சேருக்கு ஒரு போன் கோல். அந்தப் பழக்கந்தான் ரெஜினாவை அவரிடம் மாட்டிவிட்டது.

ரெஜினா மன்னார் பேசாலைப் பிள்ளை. புருஷன் விட்டுப் போய்விட்டான், ஒரு மகள் இங்கே பள்ளிக்கூடம் போகிறாள். லவாந்தெரியாவில் மாங்கனோ என்று நாங்கள் சொல்கிற பெரிய உருளை மெசினில் வேலை. ஈரவிரிப்பை ஒரு பக்கம் கொடுத்தால் கொதிக்கிற உருளை இழுத்துத் தேய்த்து மறுபக்கம் தள்ளும். கை கிட்டப் போனால் மெசின் நிற்க ஒரு தடுப்புக் கம்பி உண்டு. அது சும்மா சும்மா நிற்பாட்டி வேலையைக் கெடுக்கிறது என்று, இத்தாலியன் கப்போ, அதுதான் எங்கள் மேற்பார்வைக்காரன், கிழிந்த விரிப்புத் துண்டால் அதைக் கட்டி வைத்திருந்தான். ஓகஸ்ட் மாதம். காற்றாடி பழுதாகிப் பல நாள். ரெஜினாவுக்குத் தலை சுற்றியிருக்கிறது. விரிப்போடு வலது கையும் உள்ளே போய்விட்டது.

பக்கத்து மெசினில் நின்ற திரேசா அக்கா பாய்ந்து சிவப்புப் பொத்தானை அடித்தாள். கையை வெளியே எடுத்தபோது நாங்கள் பார்த்ததை எழுத மனமில்லை. திரேசா அக்கா உடனே போனை எடுத்தாள். அம்புலன்சுக்கு அடிக்கவில்லை, சேருக்கு அடித்தாள். பழக்கம்.

"அம்புலன்சுக்கு அடிக்காதேங்கோ, அது வரப் பிந்தும். நான் காரோடை வாறன்" என்றார் அவர். பறந்து வந்தார். எவ்வளவு நல்ல மனம் என்று நாங்கள் கும்பிட்டோம். அம்புலன்ஸ் வந்தால் எங்கேயிருந்து ஏற்றினோம் என்று எழுதிக்கொள்வார்கள் என்பது எங்களில் ஒருத்தியின் மூளையிலும் தட்டவில்லை.

காரில் நான் ரெஜினாவின் கையை ஈரத் துவாயில் ஏந்திக்கொண்டு பின்னால் இருந்தேன். அவள் முனகினாள். அவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தபடி பேசினார்.

"ரெஜினா, நான் சொல்லுறதை வடிவாக் கேளுங்கோ. வீட்டிலை பொரிக்கேக்கை எண்ணெய் கவிண்டது எண்டு சொல்லுவம்."

"ஏன் சேர்?" நான்தான் கேட்டேன்.

"அக்கா, வேலையிலை நடந்தது எண்டால் இன்ஸ்பெக்டர் வருவினம். லவாந்தெரியாவைப் பூட்டுவினம். ஹோட்டல்காரர் வேற கொம்பனியைப் பாப்பினம். எங்கடை பெண்டுகள் எல்லாருக்கும் வேலை போம். நான் இப்ப கொம்பனிக்காகக் கதைக்கேல்லை, உரிமைச் சங்கத் தலைவராத்தான் கதைக்கிறன்."

"மெசினிலை போன கைக்கும் எண்ணெய் பட்ட கைக்கும் டொக்டருக்கு வித்தியாசம் தெரியாதோ?"

"அதை நான் பாக்கிறன்."

ரெஜினா அந்த வேதனையிலும் ஒன்றே ஒன்று கேட்டாள். "சேர், என்ரை பெர்மெஸ்ஸோ?" வேலை ஒப்பந்தம் இருந்தால்தான் அவளுடைய வதிவிட அனுமதி புதுப்பிக்கப்படும், இல்லாவிட்டால் மகளையும் கூட்டிக்கொண்டு எங்கே போவது?

"அதுக்கு நான் பொறுப்பு" என்றார். அவள் ஓம் என்று தலையசைத்தாள். அவள் நிலையில் யார்தான் அசைக்க மாட்டார்கள்?

ஆஸ்பத்திரியில் டொக்டர் வந்ததும் என் முழங்கையில் இரண்டு விரல். நான் நடைபாதையில் நின்றேன். அவர் ரெஜினாவுக்கும் டொக்டருக்கும் நடுவில் நின்றுகொண்டு, வீட்டில் என்றும் எண்ணெய் என்றும் அழகான இத்தாலியனில் சொன்னது எனக்குக் கேட்டது. இத்தாலிய வீட்டுச் சிஞ்ஞோராமாரின் குசினியில் எத்தனையோ வருடம் மாரடித்தவள் நான், எண்ணெய்க்கு இத்தாலியனில் என்ன சொல் என்று எனக்குத் தெரியாதா? கதவில் நின்று, "நொன் எ வேரோ, அது பொய்!" என்று கத்தினேன். தாதி திரும்பிப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டே வந்து, இவ பிள்ளையின் மாமி, நல்லாப் பயந்துபோனா என்று அவளிடம் சொன்னார். தாதி என்னைப் பாவமாகப் பார்த்து, ஒரு கோப்பை தண்ணீர் தந்து, கதவைச் சாத்தினாள்.

தோல் எடுத்து ஒட்டினார்கள். விரல்கள் மடியவில்லை. இலையுதிர் காலத்தில் ரெஜினாவின் ஒப்பந்தம் முடிந்தது, கொம்பனி புதுப்பிக்கவில்லை. வீட்டில் எண்ணெய் கொட்டிக்கொண்டவளுக்குக் கொம்பனி என்ன கடமைப்பட்டிருக்கிறது? சேருக்குப் போன் அடித்தால், "நான் கதைச்சுக்கொண்டிருக்கிறன், பொறுங்கோ" என்பார். பெர்மெஸ்ஸோ முடிகிற நாள் கிட்டக் கிட்ட வந்தது. மகளுக்குத் தலை பின்னிவிட ரெஜினாவால் சீப்பைப் பிடிக்க முடியவில்லை. அந்தப் பிள்ளை தாறுமாறாகத் தானே கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனது.

பெல்லெக்ரினோ மலையில் சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு நாங்கள் வெறுங்காலோடு ஏறுவது வழக்கம். வேதக்காரர், சைவக்காரர் என்று பார்ப்பதில்லை, எல்லாத் தமிழரும் ஏறுவோம். ரெஜினாவின் கைக்காக நேர்ந்து லவாந்தெரியாப் பெண்கள் எல்லோரும் ஒரு ஞாயிறு விடிய ஏறினோம். கல் குத்தி, கால் வெடித்து, மூச்சு வாங்க மேலே போய்ச் சேர்ந்தால், அங்கே சேர் நிற்கிறார். காரில் வந்து, கடைசி வளைவில் சப்பாத்தைக் கழற்றிக் காருக்குள் வைத்துவிட்டு, சங்கத்தின் பதாகையோடு. அவர் பாதம் அப்போதுதான் கழுவித் துடைத்த கோப்பை மாதிரி இருந்தது.

அவர் எங்களை வரிசைப்படுத்தத் தொடங்கினார். ரெஜினா நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"சேர், என்ரை வேலை என்ன மாதிரி?"

"என்ன ரெஜினா, சாமியிட்டை வந்து நிண்டு வேலைக்கதை கதைக்கிறதே?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே அவள் முழங்கையில் இரண்டு விரலை வைத்து, திரேசா அக்காவுக்குப் பின்னால் நகர்த்தினார். வலது முழங்கை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவர் கவனிக்கவில்லை, படத்துக்கு ஆள் சரியாக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மலையிலிருந்து இறங்கினோம். பாதி வழியில் திரேசா அக்கா நின்றுவிட்டாள். "உவருக்கு அண்டைக்கு கோல் அடிச்ச இந்தக் கையைத்தான் மெசினுக்குள்ளை விடவேணும்" என்று அழுதாள். "இனி உவரைக் கூப்பிடுறேல்லை."

"நாங்கள் கூப்பிடத் தேவையில்லை" என்றேன் நான். "அவரே எங்களைக் கூப்பிடுவார். சேலை கட்டின ஆக்கள் இல்லாமல் அவருக்குப் படம் ஏது?"

கூப்பிட்டார். நகரத்தின் நடுவில் பழைய மாளிகை ஒன்றில் விழா. உரிமைக்காகவும் நல்லிணக்கத்துக்காகவும் அவர் ஆற்றிய சேவைக்குப் பாராட்டு. நகரசபையிலிருந்து அஸெஸ்ஸோரா அம்மா, அதுதான் சபையில் பெரிய பொறுப்பில் இருக்கிறவர், வருகிறார், ஹோட்டல் முதலாளிமார் வருகிறார்கள், பத்திரிகைக்காரர் வருகிறார்கள். "எல்லாரும் பட்டுச்சேலை அக்கா. ரெஜினாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, அவ வராட்டில் ஆக்கள் ஒருமாதிரிக் கதைப்பினம். நீளக்கைச் சட்டை போடச் சொல்லுங்கோ."

"ஓம் சேர்" என்றேன். இவ்வளவு பணிவாக நான் அவரிடம் ஒருநாளும் பேசியதில்லை.

ரெஜினா குட்டைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள், மேலே ஒரு சால்வையைப் போர்த்தியிருந்தாள். அவர் எங்களை நிறுத்தினார்: நடுவில் அவரும் அஸெஸ்ஸோராவும், இரு பக்கமும் நாங்கள், பின்வரிசைக் கடைசியில் ரெஜினா. "கையைப் பின்னாலை விடுங்கோ" என்று அவளுக்கு மெதுவாகச் சொன்னதும் எனக்குக் கேட்டது. படக்காரன் கமராவைத் தூக்கினான்.

அப்போது திரேசா அக்கா ரெஜினாவின் இடது முழங்கையில் இரண்டு விரலை வைத்தாள். ஒரு அடி. அடுத்தவள் வைத்தாள். இன்னொரு அடி. நாங்கள் யாரும் தள்ளவில்லை, இடிக்கவில்லை. அவரிடம் படித்ததைத்தான் செய்தோம். படக்காரன் எண்ணி முடிக்கிறதுக்குள் ரெஜினா அஸெஸ்ஸோராவுக்கு முன்னால் நின்றாள். சால்வை கீழே கிடந்தது. அவள் அந்தக் கையை, மடியாத விரல்களோடு, கைகொடுப்பதற்கென்று நீட்டினாள்.

அஸெஸ்ஸோரா கையைப் பிடிக்கப் போய் நின்றுவிட்டார். என்ன நடந்தது சிஞ்ஞோரா என்று கேட்டார்.

சேர் வாயைத் திறந்தார். "வீட்டில்..." என்று இத்தாலியனில் தொடங்கியும் விட்டார்.

நான் அவர் முழங்கையில் இரண்டு விரலை வைத்தேன். "சேர், கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, வடிவாயிருக்கும்."

அவர் தள்ளி நின்றார்! சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு சொல் பேசாமல் நகர்ந்தார். வாழ்க்கையில் யாரும் அவரை அப்படி நகர்த்தியிருக்க மாட்டார்கள், உடம்புக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை போல. ரெஜினா தன் உடைந்த இத்தாலியனில், யாரும் மொழிபெயர்க்காமல், சொன்னாள். "மாங்கனோவில். வேலையில்." தடுப்புக் கம்பியைக் கட்டி வைத்திருந்தார்கள் என்று திரேசா அக்கா பின்னாலிருந்து சொன்னாள். நான் காருக்குள் நடந்த கதையைச் சொன்னேன். பத்திரிகைக்காரர் கிட்ட வந்தார்கள். ஹோட்டல் முதலாளிமார் கழற்றி வைத்த கோட்டுகளை எடுக்கப் போனார்கள்.

பிறகு நடந்தது நீண்ட கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். அஸெஸ்ஸோராவின் உதவியாளர் எங்களைத் தொழிற்சங்கத்துக்குக் கூட்டிப்போனார். இன்ஸ்பெக்டர்கள் வந்து எங்களைத் தனித்தனியாகக் கேட்டார்கள், ஒருத்தியும் பிசகவில்லை. லவாந்தெரியாவைப் பூட்டினார்கள்தான், கொஞ்ச நாள். காற்றாடி புதிதாக வந்தது, கம்பி அவிழ்ந்தது, வேலை தொடங்கியது. ஒருத்திக்கும் வேலை போகவில்லை. ரெஜினாவின் காயம் வேலையில் பட்ட காயம் என்று ஒத்துக்கொண்டார்கள், வைத்தியமும் நட்டஈடும் கிடைத்தன, பெர்மெஸ்ஸோவும் புதுப்பிக்கப்பட்டது. விரல்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. இடது கையால் மகளுக்குத் தலை பின்னப் பழகிவிட்டாள், கொஞ்சம் கோணல்தான்.

அவருக்கு என்ன நடந்தது என்றுதானே கேட்பீர்கள்? ஒன்றும் நடக்கவில்லை. ரோமுக்குப் போனார். இன்னும் பெரிய கொம்பனி, இன்னும் பெரிய பதவி, ஏதோ உரிமைக் குழுவில் உறுப்பினர். போனைத் திறந்தால் சில நாள் அவர் முகம் வரும், யாரோ மந்திரியின் முழங்கைக்குப் பக்கத்தில்.

போன மாதம் கோல் வந்தது.

"அக்கா, சுகமோ? நான்தான்." கொஞ்சமும் கூச்சமில்லாத குரல். "இஞ்சை ஒரு பெரிய மாநாடு. ரெஜினான்ரை விசயத்தைச் சொல்லப்போறன். நாங்கள் எல்லாரும் சேந்து எப்பிடிப் போராடி வெண்டனாங்கள் எண்டு. அண்டைக்கு மண்டபத்திலை எடுத்த படம் ரெஜினா வீட்டிலை மாட்டியிருக்காம். நான் நிக்கிறதாப் பாத்து ஒண்டு அனுப்பிவிடுங்கோ அக்கா."

திட்டத்தான் வாய் வந்தது. ஆனால், "ஓம் சேர், அனுப்புறன்" என்றேன்.

அந்தப் படம் ரெஜினா வீட்டில் சாந்தா ரொசாலியா படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. நடுவில் ரெஜினா, நீட்டிய கை. குனிந்து பார்க்கிற அஸெஸ்ஸோரா. பின்னால் திரேசா அக்கா, வாய் திறந்தபடி. வலது ஓரத்தில், சட்டத்தோடு ஒட்டி, கருநீலக் கோட்டின் ஒரு முழங்கை மட்டும் தெரியும். அதன்மேல் என் இரண்டு விரல்.

அன்றைக்கு மண்டபத்தில் எடுத்ததில் அவர் நிற்கிற படம் அது ஒன்றுதான். போனில் எடுத்து அவருக்கு அனுப்பிவிட்டேன்.